மரத்தில் ஒரு பி.எஸ்.எல்.வி.: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மக்கோலும் அட்டையும் இல்லாமல் முழுக்க மரத்திலேயே ஒரு ராக்கெட் மாதிரியைச் செய்யலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கே சொல்லப்படுவது காட்சிக்கு வைக்கும் மாதிரியைப் பற்றி மட்டுமே. பறக்க விடுவது குறித்துக் கேட்டவருக்குத் தனியாகப் பதில் உண்டு.

கேள்வி: மாணவர்களை வைத்துச் செய்ய விரும்புகிறேன். எந்த ராக்கெட்டை, எந்த அளவில் எடுத்துக்கொண்டால் மரவேலைக்கு ஏற்றதாக இருக்கும்? (ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்)

செயற்கைக்கோள்களை ஏவும் இஸ்ரோவின் ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடிவம் ஏறத்தாழ முழுவதும் உருளைகளும் கூம்புகளுமாகவே இருப்பதால் மரத்தில் கடைவதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அதன் கட்டங்களில் இரண்டாவதை இயக்கும் விகாஸ் எஞ்சின் உங்கள் மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் சோதிக்கப்படுகிறது என்பதை மாணவர்களிடம் சொன்னால் வேலையில் கூடுதல் ஆர்வம் பிறக்கும்.

ராக்கெட்டின் உயரம் சுமார் 44 மீட்டர். முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் 2.8 மீட்டர் விட்டம் கொண்டவை. உச்சியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம் 3.2 மீட்டர் விட்டத்துடன், கீழே உள்ள உடலைவிடச் சற்றுப் பருத்திருக்கும். 2008இல் சந்திரயான்-1ஐச் சுமந்து சென்ற எக்ஸ்.எல். வகையில், பக்கவாட்டில் 1 மீட்டர் விட்டமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஆறு பூஸ்டர்கள், அதாவது கூடுதல் உந்துதல் தரும் துணை ராக்கெட்டுகள், உண்டு. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்தால் உயரம் 88 செ.மீ., உடல் 56 மி.மீ., கவசம் 64 மி.மீ., பூஸ்டர்கள் 20 மி.மீ. விட்டமும் 24 செ.மீ. நீளமுமாக அமையும். இதைவிடச் சிறிதாக, நூறில் ஒரு பங்கு அளவுக்குப் போனால் பூஸ்டர் வெறும் 10 மி.மீ. குச்சியாகிவிடும், பழகாத கைகளில் அது கடையும்போதே முறிந்துவிடும்.

கட்டங்களின் நீளத்தைப் பட்டியல்களிலிருந்து எடுத்து அப்படியே கூட்டிவிடாதீர்கள். ஒரு கட்டத்தின் வால்குழாய் (சூடான வாயு வெளியேறும் குழாய்) அடுத்த கட்டத்தின் இணைப்பு உருளைக்குள் மறைந்திருக்கும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை வெளியே தெரியும் உயரத்தோடு பொருந்தாது. ராக்கெட் நேர்நிலையில் முழுதாகத் தெரியும் இஸ்ரோ புகைப்படம் ஒன்றை அச்சிட்டு, ஸ்கேலால் அளந்து, 88 செ.மீ.க்கு விகிதப்படுத்திக்கொள்வதே சரி.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று உண்டு. ஆறு பூஸ்டர்களைத் தவிர முதல் கட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு மெல்லிய உருளைத் தொட்டிகளும் இருக்கும். அவற்றிலிருக்கும் திரவத்தை வால்குழாயின் உட்பக்கம் பீய்ச்சித்தான் முதல் கட்டத்தில் ராக்கெட்டைத் திசை திருப்புகிறார்கள். கடைகளில் விற்கும் மாதிரிகளில்கூட இவை விடுபட்டுப் போவதுண்டு. பூஸ்டர் வேலை மலைப்பாகத் தோன்றினால், பூஸ்டர்களே இல்லாத வகையை முதலில் செய்து பாருங்கள். அப்படி ஒரு வகை 2007 முதல் பறந்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் பழைய தேக்குச் சட்டங்கள் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா, அல்லது வேறு மரம் வாங்க வேண்டுமா? (வாசகர், காரைக்குடி)

பழைய தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு இழைப்புளியை வையுங்கள். புதிதாக வாங்குவதென்றால் என் முதல் தேர்வு வெட்பாலை. வெண்ணிறமும் நெருக்கமான ரேகையும் (நார் ஓட்டம்) கொண்ட இந்த மரத்தைத்தான் கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் கடைசல் பொம்மைக்காரர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அது கிடைக்காவிட்டால் குமிழ். எடை குறைவு, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. யூக்கலிப்டஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது வெடிக்கும், முறுக்கும்.

எந்த மரமானாலும் தண்டின் நட்டநடுவே இருக்கும் மென்மையான பகுதி உங்கள் துண்டுக்குள் வரக் கூடாது. முழுக் கிளையை அப்படியே எடுத்து உருட்டினால் வேலை எளிது என்று தோன்றும். ஆனால் அந்த நடுப்பகுதியிலிருந்து கிளம்பும் வெடிப்பு சில மாதங்களில் மேற்பரப்பு வரை வந்து நிற்கும். பெரிய கட்டையை நெடுக்கே பிளந்து, நடுவை ஒதுக்கிவிட்டு, ஓரப் பகுதியிலிருந்து சட்டம் எடுப்பதே முறை.

பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்கே சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். ஆகவே பச்சை மரத்தில் துல்லியமாக 56 மி.மீ. வட்டமாகக் கடைந்த உருளை, காய்ந்த பிறகு முட்டை வடிவமாகிவிடும். இரு விட்டங்களுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் வரைகூட வேறுபாடு வரலாம். அதனால் முதலில் 5, 6 மி.மீ. கூடுதலாக வைத்துப் பருமட்டாக உருட்டி, முனைகள் இரண்டிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இறுதி அளவுக்கு வர வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கடைசல் பட்டறை கிடையாது. இழைப்புளி, உளி, ரம்பம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உருளை வடிவத்தைச் சரியாகக் கொண்டுவர முடியுமா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

முடியும். சதுரத்திலிருந்து எண்பட்டை, எண்பட்டையிலிருந்து பதினாறு பட்டை, அதிலிருந்து வட்டம் என்ற வரிசை நம் ஊருக்குப் புதியதல்ல. கோயில் தூண்களில் சதுரமும் எண்பட்டையும் வட்டமும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிவலிங்கத்திலும் அடிப்பகுதி சதுரம், நடுப்பகுதி எண்கோணம், மேற்பகுதி வட்டம் என்பதே ஆகம முறை. சிற்பி கல்லில் செய்வதை நாம் மரத்தில் செய்கிறோம்.

56 மி.மீ. உருளைக்கு, நன்கு காய்ந்த மரத்தில் 58 மி.மீ. சதுரச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்கும்வரை இழையுங்கள். இங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் அது கடைசிவரை தொடரும் என்பதால் அவசரப்பட வேண்டாம். சட்டத்தின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடிழுத்தால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மையம். அந்தப் புள்ளியைக் கூரான ஆணியால் சிறிது குத்தி வையுங்கள். பின்னால் எல்லா அளவுகளையும் அங்கிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

அடுத்து எண்பட்டை. கவராயத்தின் முள்ளை ஒரு மூலையில் ஊன்றி, பென்சில் முனை மையப்புள்ளியைத் தொடும்படி விரித்தால் 41 மி.மீ. இருக்கும். அதே விரிப்பை மாற்றாமல் அந்த மூலையிலிருந்து தொடங்கும் இரு விளிம்புகளிலும் குறியிடுங்கள். நான்கு மூலைகளிலும் இதைச் செய்தால் ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு குறிகள் கிடைக்கும். ஒவ்வொரு குறியும் அருகிலுள்ள மூலையிலிருந்து 17 மி.மீ. தள்ளியிருக்கும். இந்தக் குறிகளிலிருந்து சட்டத்தின் நெடுகிலும் கோடுகளை இழுத்து, கோடு வரை மூலைகளை இழைத்துத் தள்ளினால் 24 மி.மீ. அகலமுள்ள எட்டுப் பட்டைகள் அமையும். பட்டைகளின் அகலம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் மையம் நகர்ந்துவிட்டது என்று பொருள்.

எண்பட்டைச் சட்டத்தை மேசையில் வைத்தால் உருளும். இரண்டு சட்டங்களின் ஓரத்தை 45 பாகைக்குச் சரித்து ஒன்றோடொன்று சேர்த்தால் நடுவே ஒரு பள்ளம் வரும்; அதில் படுக்க வைத்து, முன்னால் ஒரு தடுப்புக் கட்டை அடித்துக்கொண்டால் இழைக்க வசதியாக இருக்கும். பதினாறு பட்டைக்கு மீண்டும் கவராயம் தேவையில்லை. ஒவ்வொரு விளிம்பையும் சம அளவில், ஏறத்தாழ 11 அல்லது 12 மி.மீ. அகலம் வரும்வரை கண்ணளவாக இழைத்தால் போதும். இழைக்கும்போது மரம் செதில் செதிலாகப் பெயர்ந்தால் ரேகைக்கு எதிராகப் போகிறீர்கள். துண்டைத் திருப்பி மறுமுனையிலிருந்து இழையுங்கள்.

பதினாறு பட்டைக்குப் பிறகு இழைப்புளியை வைத்துவிட்டு அரத்துக்கு மாறுங்கள். தடித்த அட்டையில் 56 மி.மீ. விட்டத்துக்கு ஓர் அரைவட்டத்தை வெட்டி, அதன் உள்விளிம்பில் மென்மையான பென்சிலை அழுத்தித் தேய்த்து, உருளையின் மேல் வைத்து இருபுறமும் சுழற்றுங்கள். மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் கரி ஒட்டும்; அந்த இடங்களை மட்டும் அராவுங்கள். கரி எங்கும் ஒரே சீராக ஒட்டத் தொடங்கும்போது உருளை வட்டமாகிவிட்டது. இறுதியாக உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காமல் நீளத் துணிப்பட்டையில் ஒட்டி, செருப்புத் தைப்பவர் தோலை மெருகேற்றுவது போல இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் பட்டைத் தடங்கள் மறையும்.

இந்த முறையில் செய்தால் கடைசல் இயந்திரத்தில் செய்வதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஆயினும் முதல் மாதிரியைக் கையால் செய்வதையே நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். மையக்கோடு என்றால் என்ன என்பதை இயந்திரம் கற்றுத் தராது. அது தானே மையத்தைப் பிடித்துக்கொண்டுவிடும்.

கேள்வி: கட்டங்களை எப்படி இணைப்பது? ஆணி அடிக்கலாமா? (மாணவர், 9ஆம் வகுப்பு, தஞ்சாவூர்)

ஆணி வேண்டாம் தம்பி. 20 மி.மீ. பூஸ்டரில் இரும்பாணி இறங்கினால் ரேகையோடு பிளந்துவிடும். கீழ்க்கட்டத்தின் உச்சியில் 20 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. நீளமும் உள்ள உருண்டைக் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) ஒன்றை விட்டுச் செதுக்கு. மேற்கட்டத்தின் அடியில் அதற்கேற்ற துளையை, முன்பு ஆணியால் குத்திய அதே மையப்புள்ளியில் போடு. துளையின் ஆழம் கழுந்தைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், அதிகப்படியான பசை தங்குவதற்கு இடம் வேண்டும். பசைக்குப் பழைய முறையில் வச்சிரத்தைக் காய்ச்சிப் பயன்படுத்தலாம்; ஃபெவிகால் போட்டாலும் குற்றமில்லை.

பூஸ்டர்களைப் பொருத்த மூங்கில் ஆணியே சிறந்தது. மூங்கிலைச் சீவி 4 மி.மீ. குச்சியாக்கி, பூஸ்டர் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தால் அது திரும்பாது. பூஸ்டர்களின் இடத்தைக் கவராயத்தால் ஆறு சம பாகமாகப் பிரித்துக் குறிக்காமல், ராக்கெட்டைக் கீழிருந்து காட்டும் படத்தைப் பார்த்து, அந்த இரண்டு தொட்டிகளுக்கும் இடம் விட்டுக் குறிக்க வேண்டும். பூஸ்டர், தொட்டி, உடல் எல்லாவற்றிலும் மர ரேகை நெடுக்காகவே ஓட வேண்டும் என்பதை மறக்காதே.

கேள்வி: பெயின்ட் அடிக்காமல் அந்தக் காலத்து மரச்சொப்புகளைப் போல அரக்கு வண்ணம் ஏற்ற முடியுமா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

சொப்புச் சாமானுக்குப் பெயர் பெற்ற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் மகிழ்ச்சி. முடியும், ஆனால் இதற்குக் கடைசல் இயந்திரம் கட்டாயம் வேண்டும். வேகமாகச் சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிக்கும்போது உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. உடனே தாழை மடலை வைத்து அழுத்தினால் அது சீராகப் பரவி மெருகேறும். தூரிகையின் தடமோ, காய்வதற்குக் காத்திருப்பதோ இதில் இல்லை.

கையால் உருட்டிச் செய்தவர்கள், அந்தத் துண்டுகளை அருகிலுள்ள பட்டறைக்கு எடுத்துச் சென்று அரக்கு மட்டும் ஏற்றி வாங்கலாம். முனைகளில் குத்திய மையப்புள்ளிகள் அப்போதும் உதவும். கழுந்தின் முனையிலும் அந்தக் குழி தெரிய வேண்டும் என்பதால் அதை அராவி அழித்துவிடாதீர்கள்.

சுழலும்போதுதான் அரக்கு ஏறும் என்பதால் இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக வண்ணம் ஏற்றிவிட வேண்டும். கழுந்திலும், பூஸ்டர் உடலைத் தொடும் இடத்திலும் அரக்கு படக் கூடாது. பட்டால் பசை மரத்தைப் பிடிக்காது. பட்டுவிட்டால் உளியின் முனையால் சுரண்டி மரத்தை வெளிக்கொண்டு வாருங்கள். தேசியக் கொடியையும் எழுத்துகளையும் டர்ப்பன்டைன் கலக்கும் எனாமல் கொண்டு எழுதுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த எதையும் அதன் மேல் தொட்டு வைக்கக் கூடாது, ஏனென்றால் ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். வெயில் நேராக விழும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளி ராக்கெட்டின் மருந்தை எடுத்து உள்ளே வைத்து இதைப் பறக்க விடலாம் என்கிறான் என் மகன். ஆபத்தில்லாமல் செய்ய வழி உண்டா? (தந்தை, விருதுநகர் மாவட்டம்)

இல்லை. பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பதையே முதலில் நிறுத்துங்கள். உராய்வே அதைப் பற்ற வைக்கப் போதும் என்பது உங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெடிமருந்தை உரிமமின்றித் தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி குற்றமும்கூட. அடைத்து மூடிய மரத்துக்குள் மருந்து எரிந்தால் மரம் பிளந்து சிம்புகளாகத் தெறிக்கும்.

சட்டத்தையும் ஆபத்தையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இது பறக்காது. குமிழ் மரத்தில் 56 மி.மீ. விட்டமும் 88 செ.மீ. நீளமும் உள்ள இந்த உருளை மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். மேலும், இதற்கு வால் இறகுகள் இல்லை. உண்மையான பி.எஸ்.எல்.வி. இறகுகள் இல்லாமலேயே நேராகப் போவதற்குக் காரணம், மேலே சொன்ன இரு தொட்டிகளும் கணினியின் கட்டளைப்படி நொடிக்கு நொடி அதைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான். அந்த ஏற்பாடு இல்லாத மாதிரி கிளம்பிய உடனே கரணம் அடிக்கும். பறக்கும் மாதிரிகளில் எடையின் மையம் முன்னேயும், காற்றழுத்தத்தின் மையம் பின்னேயும், இரண்டுக்கும் இடையே குறைந்தது உடலின் விட்டமளவு இடைவெளியும் இருக்க வேண்டும். பின்பக்கம் பெரிய இறகுகள் வைப்பது அதற்காகவே.

இதே ஆசை அமெரிக்கச் சிறுவர்களுக்கும் 1950களில் வந்தது. வீட்டில் மருந்து கலந்து விபத்துக்குள்ளானவர்கள் உண்டு. நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும், விமான மாதிரிகளில் ஈடுபாடு கொண்ட அவருடைய சகோதரர் ராபர்ட்டும் 1954இல் ஒரு வழி கண்டார்கள். ஆர்வில் வாணவேடிக்கையில் தேர்ந்தவர். மருந்தைச் சிறுவர் தொடாதபடி முன்பே அடைத்த, ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு மோட்டார், மெல்லிய காகிதக் குழாய், இறங்கி வரப் பாராசூட் என்று அவர்கள் அமைத்ததே இன்றைய மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கின் தொடக்கம். அங்கும் மரம் உண்டு. ஆனால் அது மூக்குக் கூம்புக்கும் இறகுகளுக்கும் பயன்படும் பால்சா மரம். குமிழில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை.

மகனுக்குப் பறக்கவிட்டே ஆக வேண்டுமென்றால், குளிர்பானப் பாட்டிலில் கால்பங்குக்கு மேல் சிறிது தண்ணீர் விட்டு, மெல்லிய பால்சா இறகுகளை ஒட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் திறந்த மைதானத்தில் உங்கள் முன்னிலையில் ஏவச் சொல்லுங்கள். பம்பு அடிக்கும்போது யாரும் பாட்டிலுக்கு மேலே குனியக் கூடாது.

கேள்வி: உண்மையான ராக்கெட்டிலோ விண்கலத்திலோ மரம் எப்போதாவது பயன்பட்டிருக்கிறதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பயன்பட்டிருக்கிறது. மைசூர்ப் படையின் புகழ்பெற்ற ராக்கெட்டுகளில் மருந்துக் குழாய் இரும்பு. ஆனால் அதை நேராகப் பறக்கச் செய்தது அதனுடன் கட்டப்பட்ட நீண்ட மூங்கில். காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780இல் ஆங்கிலேயப் படை அவற்றை எதிர்கொண்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மனி பெரும்பாலும் மரத்தாலேயே கட்டிய 'நாட்டர்' என்ற ராக்கெட் விமானம், 1945 மார்ச் 1 அன்று மனிதரோடு செங்குத்தாக ஏவப்பட்டு விழுந்தது, விமானி உயிரிழந்தார். 1962இல் நிலவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க ரேஞ்சர் கலங்கள் சிலவற்றில் நிலநடுக்கமானியைத் தரைமோதலிலிருந்து காக்கப் பால்சா மர உருண்டைக்குள் வைத்திருந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் மரவேலைக்காரர்களுக்கு நெருக்கமானது 2024 நவம்பரில் விண்ணுக்குப் போன ஜப்பானின் 'லிக்னோசாட்'. கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிட்டோமோ வனவியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய, ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள அந்தச் செயற்கைக்கோளின் பெட்டி, ஹோனோகி என்ற ஜப்பானிய மக்னோலியா மரத்தாலானது. திருகாணியும் பசையும் இல்லாமல் ஜப்பானியத் தச்சர்களின் மரபுவழி இணைப்பு முறையில் அதன் பலகைகளைக் கோத்திருக்கிறார்கள்.

கேள்வி: 88 செ.மீ. மாதிரியைக் கண்காட்சிக்குப் பேருந்தில் கொண்டு போக வேண்டும். உடையாமல் எப்படி எடுத்துச் செல்வது? (ஆசிரியர், தருமபுரி)

முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையிலான கழுந்தில் பசை போடாதீர்கள். கழுந்தைக் கையால் அழுத்தினால் இறங்கும், இழுத்தால் வரும் என்ற அளவுக்கு இறுக்கமாக வைத்து, சிறிது மெழுகு தடவிவிட்டால் போதும். பூஸ்டர்களோடு கூடிய கீழ்ப்பாதி ஒரு பெட்டியிலும் மேற்பாதி ஒரு பெட்டியிலும் அடங்கும். பூஸ்டர்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் துணியைத் திணியுங்கள். பயணத்தில் முதலில் பெயர்வது அவைதான். பீடத்தைத் தனியாக, 25 செ.மீ. சதுரமும் 4 செ.மீ. கனமும் உள்ள கனத்த மரத்தில் செய்யுங்கள். மாதிரியின் அடியில் உள்ள துளைக்குப் பொருந்தும் ஒரு முளையைப் பீடத்தின் நடுவே நட்டு, அதற்கும் பசை போடாமல் விட்டால், அங்கே போய் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாம்.